கட்டுமாவடி சாலையில் காசோவரியின் பங்காளி

தை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் ஏறினேன். மகள் இனியாவுக்குக் காதுகுத்து. அவளுக்கு ஒன்றேகால் வயது. அவளுடைய அம்மா வளர்மதி இறந்து பதினோரு மாதம் ஆகிறது. ஒரு நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள், மறுநாள் சாயங்காலம் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பயணக் கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள். சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது பாதி புரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வளர்மதி போனதிலிருந்து இனியா என் மாமியார் வீட்டில்தான் வளர்கிறாள். வளர்மதியின் அண்ணன் செல்வம் மச்சானுக்கும் அவர் மனைவி தேன்மொழிக்கும் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. மச்சான் கத்தார் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். இனியாவை அவர்களே பிள்ளையாக வளர்க்கட்டும், தகப்பன் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துப் போகட்டும் என்று பேச்சு. காதுகுத்து முடிந்ததும் நான் பதில் சொல்ல வேண்டும். என் அம்மா முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு கோவையில் அக்கா வீட்டில் இருக்கிறார். நான் தனி ஆள். சரி என்று சொல்லும் முடிவோடுதான் கிளம்பினேன். ஞாயிறு இரவே திரும்ப டிக்கெட்டும் போட்டிருந்தேன்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். ஆலைகளில் வெப்பம், அழுத்தம் அளக்கிற கருவிகள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது வேலை. ஒரு மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். குழாயில் ஒன்றுமே ஓடவில்லை, அல்லது சென்சார் செத்துவிட்டது. பதினோரு மாதமாக என்னைப் பற்றி எனக்கு இந்தச் சந்தேகம்தான். எது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ரயில் விடியற்காலையில் புதுக்கோட்டை வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ 80 ரூபாய். அங்கிருந்து அறந்தாங்கிக்கு சுமார் 35 கிலோமீட்டர், பஸ் வழியெல்லாம் நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஜன்னல் ஓரம் கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் கண்மாய்த் தண்ணீரில் விழுவது அழகாக இருக்கும். எனக்கு அது அழகு என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

மாமியார் வீடு அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற சாலையில் ஆறாவது கிலோமீட்டரில் இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மாப்ள. பல்ல வெளக்கிட்டு வாங்க, காப்பி கலக்குறேன்” என்றார் அத்தை. மகள் செத்த பிறகு என்னிடம் பேசும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. என் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவார்.

தேன்மொழி இடுப்பில் இனியா இருந்தாள். “இனியாக்குட்டி, யாரு வந்துருக்கா பாரு!”

குழந்தை என்னைப் பார்த்து, “மாமா” என்றது. பந்தல்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டதாம். சட்டை போட்ட எல்லோரும் மாமா. தேன்மொழிக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்பா சொல்லுடி, அப்பா” என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

காதுகுத்து மறுநாள்தான். வீட்டில் எனக்கு வேலை இல்லை. நாற்காலியைத் தூக்கினால் யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் மச்சானே வந்தார். “மாப்ள, இங்கன சும்மா நின்னு என்ன பண்ணப் போறீங்க? அப்படியே கோயிலுக்குப் போயிட்டு வாங்க. சேகர வரச் சொல்றேன்.”

சேகர் அந்தத் தெரு ஆட்டோக்காரர். அரை நாளைக்கு, காத்திருப்பதையும் சேர்த்து, 600 ரூபாய் பேசிக்கொண்டோம். ஆவுடையார்கோவில் அங்கிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர். கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கல்லை மரச்சட்டம் போலவும் கயிறு போலவும் செதுக்கிக் கூரை வேய்ந்திருப்பதை அண்ணாந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். கருவறையில் லிங்கம் கிடையாது. பீடம் மட்டும் இருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. அதற்குத்தான் தீபாராதனை. கல்யாணமான புதிதில் வளர்மதி என்னை இங்கே கூட்டிவந்து, “சாமி எங்கன்னு தேடாத, இல்லாததத்தான் கும்புடணும்” என்றாள். இந்த முறை கற்பூரத் தட்டு வந்தபோது நான் எதையும் தேடவில்லை.

வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது சேகர் கேட்டார். “சார், ஈமுக்கோழி பாத்துருக்கீங்களா? கட்டுமாவடி ரோட்டுல ஒருத்தரு வச்சுருக்காரு. ஒரு காலத்துல இங்கிட்டு எங்க பாத்தாலும் ஈமுதான். இப்ப இவருகிட்ட மட்டும் ரெண்டு நிக்குது.”

இளநீரைக் கீழே வைத்தேன். ஈமுவின் நெருங்கிய சொந்தம் காசோவரி. காசோவரியைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் ஒரு தேசத்தின் வடகோடி வரைக்கும் போயிருக்கிறோம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கம்பெனி என்னை ஒரு வேலைக்காக ஆஸ்திரேலியா அனுப்பியது. வளர்மதியும் வந்தாள். விலங்கியல் படித்தவள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், காசோவரியைக் காட்டினால் மட்டும் போதும், சிட்னியெல்லாம் வேண்டாம் என்றாள். குயின்ஸ்லாந்தின் வடக்கே கடலை ஒட்டிய மழைக்காட்டில் இரண்டு நாள் காரில் அலைந்தோம்.

காசோவரி ஆள் உயரம் நிற்கும். பெண்தான் பெரிது, அறுபது எழுபது கிலோ வரும். கறுப்பு இறகு பார்க்க இறகு மாதிரியே இருக்காது, ஈரத் தலைமுடி போலத் தொங்கும். கழுத்து பளிச்சென்ற நீலம், தாடையின் கீழே சிவப்புச் சதை. தலையில் ஒரு கொண்டை, எலும்பும் கொம்புப் பொருளும் சேர்ந்தது. அது எதற்கென்று இன்னும் சண்டை நடக்கிறது. உடம்புச் சூட்டை வெளியேற்றுகிற ரேடியேட்டராக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். காலில் மூன்று விரல், உள்விரலில் கத்தி மாதிரி ஒரு நகம். பறக்காது, ஆனால் ஓடும், தாண்டும், நீந்தும். காட்டில் விழுந்த பழங்களை முழுசாக விழுங்கிவிட்டு வெகுதூரம் நடந்துபோய்க் கொட்டைகளை எச்சத்தோடு போடும். பெரிய கொட்டை உள்ள மரங்களை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விதைக்க அந்தக் காட்டில் வேறு ஆள் இல்லை. மனிதக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவு தாழ்ந்த குரலில் உறுமும். காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் அதிர்கிறது என்று சொல்வார்கள்.

இரண்டாம் நாள் ஒரு வளைவில் ஒன்று சாலையைக் கடந்தது. பின்னால் மூன்று குஞ்சுகள், அணில் மாதிரி கோடு போட்டவை. நான் காரை நிறுத்திவிட்டு, “அம்மா எவ்வளவு ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போகுது பாரு” என்றேன்.

வளர்மதி சிரித்த சிரிப்பில் கார் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. “அம்மாவா? அது அப்பன்டா மக்கு. ஆத்தாக்காரி முட்டைய விட்டுட்டு அவ சோலியப் பாக்கப் போயிருவா. இவருதான் அம்பது நாள் சோறுதண்ணி மறந்து உக்காந்துருக்கணும், அப்பறம் ஒம்பது மாசம் இதுகள இழுத்துக்கிட்டு அலையணும்.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீயெல்லாம் அம்பது நிமிசம் உக்கார மாட்ட.”

சேகரிடம் சரி போகலாம் என்றேன்.

கட்டுமாவடி சாலையில் கொஞ்ச தூரம் போய், சவுக்குத் தோப்புக்குள் மண் பாதையில் திரும்பினால் ஒரு கம்பிவலைக் கொட்டகை. சொந்தக்காரர் பெயர் சின்னையா, அறுபது வயது இருக்கும். அவர் மனைவி பஞ்சவர்ணம் வேலியோரம் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் ஒரு ஈமு வேலியை ஒட்டி மேலும் கீழும் நடந்தது. நடுநடுவே தொண்டையைப் புடைத்துக்கொண்டு, பானையின் வாயைத் தட்டினாற்போல் டும், டும் என்று ஒலி எழுப்பியது. இன்னொன்று கீற்று நிழலில் கழுத்தைத் தரையோடு நீட்டிக் கிடந்தது. வைக்கோலைக் குவித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“உக்காந்துருக்கே, அது ராணி. அடையில இருக்கு” என்றார் சின்னையா. “அங்கிட்டு கத்திக்கிட்டுத் திரியிறான் பாருங்க, அவன் ராசா. ராணி மூணு வாரமா ஒரு வாய் திங்கல தம்பி. வயிறு ஒட்டிப்போச்சு. நாளமறுநாளு ரெண்டு ஆள வச்சுத் தூக்கி இந்தப் பக்கம் விட்டுறலாம்னு இருக்கேன். போன வருசமும் அப்படித்தான் தூக்கிக் காப்பாத்துனோம்.”

பதினோரு மாதத்தில் யாரும் கேட்காமல் நான் வாயைத் திறந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். “தூக்காதீங்க. அது ராணி இல்லைங்க. ஆம்பள.”

“எது?”

“அடையில இருக்கறது. இந்த ஜாதில ஆம்பளதான் அடைகாக்கும். டும் டும்னு கத்துறதுதான் பொம்பள.”

சின்னையா சேகரைப் பார்த்தார். சேகர் தோப்பைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். “என்ன தம்பி, கூவுறது சேவ, உக்கார்றது கோழி. இது பச்சப்புள்ளைக்கும் தெரியுமே.”

பஞ்சவர்ணம் மீனைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். “ஆம்பள அடகாக்குமா? இந்த மனுசன அரை நாழி ஒலையப் பாத்துக்கய்யான்னு சொன்னா, பொங்கி அடுப்பு அணையிற வரைக்கும் தூங்குவாரு. இவரு சாதி அடகாக்குதாமுல்ல!”

“நீ கம்முனு இருடி. தம்பி படிச்சவரு, சொல்லட்டும்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடையில் இருக்கிற எட்டு வாரமும் ஆண் ஈமு கிட்டத்தட்ட எதுவும் தின்னாது. சேர்த்து வைத்த கொழுப்பில் ஓட்டும். மெலிவது நோய் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து தரம் எழுந்து முட்டையைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி உட்காரும். பெண் அதற்குள் வேறு துணை தேடிப் போயிருக்கும். இங்கே வேலி இருப்பதால் போக இடமில்லாமல் சுற்றுகிறது. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பறவை எழுந்தது. கீழே ஏழு முட்டைகள், கரும்பச்சை நிறம். அலகால் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு, கால்களை மடக்கி மெதுவாக இறங்கியது.

“போன வருசம் தூக்குனோமே” என்றார் பஞ்சவர்ணம், குரல் இறங்கியிருந்தது. “முட்டைய எடுத்து ராசா பக்கத்துல வச்சோம், தகப்பன் பாத்துக்கிருவான்னு. அவன்... அது எட்டிக்கூடப் பாக்கல. அம்புட்டும் கூமுட்டையாப் போச்சு. இது நாலஞ்சு நாளு பழைய எடத்துக்கே வந்து வந்து உக்காந்துச்சு. வெறும் மண்ணு மேல.”

சின்னையா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாவத்தப் பண்ணிட்டமேடி.”

பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பிக் கேட்டார். “ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க தம்பி?”

“ஒண்ணு. பொம்பளப்புள்ள. நாளைக்குக் காதுகுத்து.”

“ஆத்தா வீட்டுல நடக்குதாக்கும்?”

“ஆமாங்க. அவங்கம்மா இல்ல. தவறிட்டாங்க.”

அவர் கையிலிருந்த மீன் செதிலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “அப்ப புள்ளய யாரு பாத்துக்குறா?”

“மாமியாரும், மச்சான் சம்சாரமும்.”

“நீங்க?”

“சென்னையில வேலை.”

“ம்” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் மீன் கழுவ உட்கார்ந்துவிட்டார். சின்னையா பறவையைத் தூக்கப் போவதில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை காதுகுத்து. இந்தப் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவார்கள். குத்தி முடித்ததும் அழுகிற குழந்தையைத் தாய் மடிக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அவள்தான் அமர்த்த வேண்டும். செல்வம் மச்சான் பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தாய் உட்காரும் இடத்தில் தேன்மொழியை உட்காரச் சொன்னார்கள். நான் கூட்டத்தோடு நின்று போனில் வீடியோ எடுத்தேன். யாராவது ஒருவர் எடுக்க வேண்டுமே.

ஆசாரி முதல் காதைக் குத்தியதும் இனியா கத்திய கத்தலில் மேளக்காரர் நிறுத்திவிட்டார். இரண்டாவது காது முடிந்ததும் மச்சான் அவளைத் தூக்கித் தேன்மொழியிடம் நீட்டினார். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய் அந்த இடத்தில், தேன்மொழிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

கூட்டத்தில் ஒரு அம்மாள், “அட, அப்பன்காரன்கிட்ட எங்க இருக்கும் அது? பொம்பளைகிட்ட குடுங்கப்பா” என்றார்.

மச்சான் தயங்கினார். தேன்மொழிதான், “குடுங்க” என்றாள்.

இனியா என் மடியில் நிற்கவில்லை. வளைந்து, உதைத்து, என் சட்டையில் கண்ணீரும் மூக்குச்சளியும் சந்தனமும் பூசி, தேன்மொழி பக்கம் இரண்டு கையையும் நீட்டிக் கதறினாள். எட்டிய தூரத்தில் உட்கார்ந்திருந்த தேன்மொழி கைகளைத் தன் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். குழந்தை கத்திக் களைத்துத் தூங்கிப்போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. பந்தி ஆரம்பித்து முதல் வரிசை எழுந்துவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் மச்சான் வந்தார். “என்ன மாப்ள, முடிவு என்ன?”

“நான் இங்கயே இருக்கேன் மச்சான்.”

“எத்தன நாளைக்கி?”

“அவ எங்கூடக் கிளம்பி வர்ற வரைக்கும்.”

“வீட்டோட மாப்பிள்ளையாவா? பொண்டாட்டி இருக்கையில வருசத்துக்கு ரெண்டு நாளு தங்க மாட்டீங்க. இப்ப வந்து உக்காந்தா ஊரு என்ன பேசும்?” கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. “அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?” தேன்மொழியைத்தான் சொன்னார்.

அத்தை அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார். “இருக்கட்டும்டா. எம்மக வீடுதானே” என்று மச்சானிடம் சொன்னார்.

தேன்மொழி அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்புச் சோறு. “இந்தாங்க அண்ணே. நல்லாக் கொழைங்க, கட்டி இருந்தாத் துப்பிருவா. சூட்டக் கையில வச்சுப் பாத்துட்டு ஊட்டுங்க” என்றாள். கண் சிவந்திருந்தது. முதல் வாயை இனியா என் முகத்திலேயே துப்பினாள்.

இதை எழுதுவது மூன்று வாரம் கழித்து. திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். ஆபீசில் மூன்று மாதம் வரைபடம் சரிபார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், அதற்கு லேப்டாப் போதும். பறவையிடம் பாடம் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அடைகாக்கும் ஆண் ஈமுவை உட்காரவைப்பது ரத்தத்தில் ஏறுகிற ஒரு ஹார்மோன். எனக்கு எதுவும் ஏறவில்லை. வளர்மதி இல்லாதது அப்படியேதான் இருக்கிறது. முன்பு சென்னையில் இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது. இனியா இன்னும் தூக்கம் வந்தால் தேன்மொழியைத்தான் தேடுகிறாள். தேன்மொழி உடனே தூக்காமல் என்னைப் பார்ப்பாள், நான் தலையாட்டினால்தான் தூக்குவாள். இரண்டு பேருக்குமே அது சுலபமாக இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஈமு பார்க்க தை, மாசிதான் சரி, முட்டையிட்டு அடைகாக்கும் காலம். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், உள்ளே போகாதீர்கள், கையை நீட்டாதீர்கள். உதைத்தால் எலும்பு முறியும். அடையில் இருக்கிற பறவைக்குத் தீனி வீச வேண்டாம். நேற்று வரைக்கும் அது உட்கார்ந்துதான் இருக்கிறது, முட்டை எதுவும் இன்னும் பொரியவில்லை. காசோவரியே பார்க்க வேண்டும் என்றால் குயின்ஸ்லாந்துதான், மழைக்காட்டுச் சாலையில் காரை மெதுவாக ஓட்டுங்கள், கார் அடித்துத்தான் நிறையப் பறவைகள் சாகின்றன. எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். பையை முன்னால் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக மெல்ல நகருங்கள். குஞ்சோடு வந்தால் இன்னும் ஜாக்கிரதை, அது அப்பா.

அறந்தாங்கியில் தங்குவதற்குச் சுமாரான லாட்ஜ்கள் உண்டு. ஆவுடையார்கோவிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். சின்னையா தோப்புக்கு வழி கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. கமென்டில் எழுதுங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன். வருகிற புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு இனியாவுக்குத் தடுப்பூசி. போட்டால் ஒரு நாள் காய்ச்சல் இருக்கும், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள் என்று நர்ஸ் என்னிடம்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.